ஸ்பிரிங்வேல் வீட்டுக்குள் முதலில் வைத்த கால்

என் மேசையில் ஒரு சாவிவளையம் கிடக்கிறது. அதில் தங்கப்பூச்சுப் பூசிய நாய் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எறியவும் மனம் வரவில்லை. போன மாதம் வியட்நாமில், சைகோனில் நாங்கள் தங்கிய ஹோட்டலில் தந்தது. அவர்களுடைய புதுவருடத்துக்கு வந்திருந்த விருந்தாளிகள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்து, பிறந்த வருடத்துக்கு எந்த மிருகமோ அதைச் சிவப்புப் பையில் போட்டுக் கையில் தந்தார்கள். என் மனைவிக்குப் பூனை, எனக்கு நாய். சாதகப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டினோம் என்று அந்த வரவேற்புப் பெண்ணுக்கு யார் விளங்கப்படுத்துவது?

உண்மையில் நான் நாய் இல்லை, குரங்கு. சிரிக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தச் சுற்றுலாவே எனக்கு எரிச்சல்தான். மெல்பேர்ணிலிருந்து இருபத்திரண்டு தமிழர்கள், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள், எல்லோரிடமும் முழங்கால் வலி. முதலில் கம்போடியா. அங்கோர் கோயில்களின் படிகள் ஏணி மாதிரிச் செங்குத்தானவை. எங்களோடு வந்த ஒருவர் எந்தப் படியிலும் ஏறவில்லை. கீழே நின்றபடியே ஒவ்வொரு கோபுரத்தையும் காட்டி, "இது எங்கட ஆக்கள் கட்டினது" என்றார். வழிகாட்டியாக வந்த அந்த ஊர்க் கெமர் இளைஞன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவனுடைய முப்பாட்டன்மார் சுமந்த கல்லை இவர் நின்றபடியே கொண்டுபோகிறாரே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அங்கோர் வாட்டின் மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு ஒரு விஷ்ணு நிற்கிறார். ஊர்ச்சனம் அவருக்கு மஞ்சள் துணி சுற்றி, காலடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தது. அதைக் கண்டதும் எங்கள் குழுவிலிருந்த அன்ரி ஒருவர் தோள்பையிலிருந்து கர்ப்பூரக்கட்டியை எடுத்துவிட்டார். காவலாள் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்டது நான். எப்போதும் நான்தான்.

காவலாளோடு பேசிக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் புகை என் மூக்கில் ஏறியது. எங்கள் சாமியறை ஊதுபத்தி மாதிரி மல்லிகை, சந்தனம் என்று பாசாங்கு செய்யாத புகை. வெறும் மரத்தூள் எரிகிற மணம். அந்த மணத்தில் எனக்கு விஷ்ணு ஞாபகம் வரவில்லை, லான் ஞாபகத்துக்கு வந்தார்.

எண்பதுகளின் நடுவில் நான் மெல்பேர்ணின் டண்டினொங்கில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக வேண்டும் என்று அப்பா கனவு கண்ட பிள்ளை நான். லான் வியட்நாம்காரி, தையல் வரிசையில் முதல் மெஷின். அவருக்குப் பக்கத்தில் போனாலே பச்சைப் போத்தல் தைலம் மணக்கும். தலையிடிக்கும் அந்தத் தைலம், வயிற்றுநோவுக்கும் அந்தத் தைலம், சூப்பர்வைசர் கத்திவிட்டுப் போனாலும் நெற்றியில் அந்தத் தைலம். மத்தியானத்தில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது முறிந்த ஆங்கிலம். அவர் பேசியவை எல்லாம் இன்றைக்கு என் காதில் தமிழாகத்தான் கேட்கின்றன, அப்படியே எழுதுகிறேன்.

லானுக்கு ஒரு மகள், பெயர் ஹோங். நாட்டை விட்டுத் தப்பி வர வள்ளம் புறப்பட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். அழுகிற பிள்ளையை ஏற்றமாட்டேன் என்று வள்ளக்காரன் சொல்லிவிட்டான். ஐந்து வயதுப் பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு லானும் கணவரும் ஏறினார்கள். கொஞ்ச நாளில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். ஆறு வருடமாகிவிட்டது. விண்ணப்பம் போட்டு, கடிதம் வந்து, இன்னொரு பத்திரம் கேட்டு, அதை அனுப்பி, அது போய்ச் சேரவில்லை என்று திரும்பவும் கடிதம் வந்து, இப்படியே போனது. எனக்கும் குடிவரவுக் கடிதங்களோடு பழக்கமிருந்ததால் மேசையில் இருந்து சேர்ந்து திட்டுவோம்.

அங்கிருந்து வரும் கடிதங்களில் சிலவேளை ஒரு நூல் இருக்கும். பிள்ளையின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் அளந்து வெட்டிய நூல். அதை வைத்துத்தான் லான் உடுப்புத் தைப்பார். அந்த வருடம் வந்த நூலுக்குச் சிவப்புப் பட்டில் அவர்கள் ஊர் நீளச்சட்டை ஒன்று தைத்தார். இது அனுப்புவதற்கு இல்லை என்று சொன்னார். விமான நிலையத்தில் போட்டுவிடுவதற்கு.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுவருடத்தன்று வீட்டுக்குள் முதலில் கால் வைக்கும் ஆளைப் பொறுத்துத்தான் அந்த வருடம் முழுக்க நடக்கும். அதனால் அதைத் தற்செயலுக்கு விடமாட்டார்கள். வீட்டுக்காரியின் வருடத்தோடு ஒத்துப்போகிற வருடத்தில் பிறந்த ஒருவரை முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்வார்கள். வெளிக்கிடும்போது எதிரில் யார் வருகிறார்கள் என்று நாங்கள் பார்க்கும் முழுவியளம் மாதிரித்தான். ஆனால் நாங்கள் எதிரில் வந்தவனைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு முந்திய வருடம் லான் ஒழுங்கு செய்த ஆள் நித்திரையாகிப் போனான். கதவு தட்டுகிறதே என்று ஓடிப்போய்த் திறந்தால், கையில் புத்தகத்தோடு மதம் பரப்ப வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள். மரியாதைக்கு உள்ளே விட்டாராம். அந்த வருடம்தான் பத்திரம் தொலைந்தது. இனி அப்படி நடக்க விடமாட்டேன் என்று தொழிற்சாலையில் எல்லோருடைய பிறந்த வருடத்தையும் கேட்கத் தொடங்கினார்.

என்னிடமும் கேட்டார். நான் யோசிக்காமல் ஐம்பத்தெட்டு என்றேன். லானின் முகம் பூத்துவிட்டது. அவர் ஐம்பதில் பிறந்த புலி. புலிக்கு நாய் பொருத்தம். தொழிற்சாலை முழுக்கத் தேடியும் கிடைக்காத நாய், அவருடைய மேசையிலேயே பருப்புக்கறி தின்றுகொண்டு இருந்திருக்கிறது.

இங்கேதான் அப்பாவைத் திட்ட வேண்டும். நான் பிறந்தது ஐம்பத்தாறு ஆவணி. சாதகத்தில் நாழிகைக் கணக்கோடு இருக்கிறது. ஆனால் அப்பா பதிவு செய்தது ஐம்பத்தெட்டு என்று. பிள்ளைக்கு அரசாங்கச் சோதனை எடுக்க இரண்டு வருடம் கூடக் கிடைக்குமாம். எங்கள் பக்கத்தில் பலருக்கு இப்படி இரண்டு பிறப்பு: கிரகங்களுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. அந்த இரண்டு வருடத்தையும் சேர்த்து எடுத்தும் நான் சோதனையில் சித்தியடையவில்லை என்பது வேறு கதை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு யார் கேட்டாலும் அரசாங்க வருடத்தையே சொல்லிப் பழகிவிட்டது. லான் கேட்டது கிரக விசயம் என்று என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

ஏறாததால் நான் பெருமையில் மிதந்தேன். வெள்ளையும் கறுப்பும் உடுக்கக் கூடாது என்றார். மெரூன் நிறச் சேர்ட் வாங்கினேன். அவர்கள் மொழியில் ஒரு வாழ்த்துச் சொல்லித் தந்தார். பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டு போனேன். முதல்நாள் சண்டை பிடிக்காதே, கெட்ட சொல் சொல்லாதே, தலைமயிர் வெட்டாதே. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு முக்கியத்துவம் அதற்கு முன் யாரும் தந்ததில்லை.

அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தவர் குணம் அண்ணை. நான் அப்போது குணம் அண்ணையின் வாடகை வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், மொட்டைத்தலை, ஊருலகத்துக்கெல்லாம் புத்தி சொல்பவர். பூனை குறுக்கே போனால் வேலைக்கு லீவு போடுவார். எனக்குக் கல்யாணம் பேசும் பொறுப்பையும் தானாகவே எடுத்திருந்தார். ஆகவே என் சாதகம் அவருடைய சூட்கேசில் இருந்தது. வருடப்பிறப்புக்கு இரண்டு நாளிருக்க, குசினிக் கதிரையில் இருந்து என் சேர்ட்டைப் பார்த்து விசயத்தைக் கேட்டார். எழுந்துபோய்ச் சாதகத்தை எடுத்து வந்தார்.

"டேய், நீ எங்க ஐம்பத்தெட்டு? நீ ஐம்பத்தாறெல்லோ."

சைனாக்கடையில் தந்த கலண்டர் சுவரில் தொங்கியது. அதில் மிருகங்களும் வருடங்களும் போட்டிருந்தன. விரலை வைத்துப் பார்த்தோம். ஐம்பத்தாறு குரங்கு. புலிக்கும் குரங்குக்கும் சென்மப் பகை என்று லான்தான் எனக்குச் சொல்லியிருந்தார். குணம் அண்ணை கதிரை ஆட ஆடச் சிரித்தார். பிறகு, சிரிப்பை நிறுத்தி, போய்ச் சொல்லிவிடு, பிள்ளையின் காரியம், விளையாடாதே என்றார். உலகத்தில் எல்லாவற்றிலும் பிழை விடுகிற மனுசன் அன்றைக்கு மட்டும் சரியாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் தொழிற்சாலையில் சொல்ல நினைத்தேன். லான் அன்று லீவு. சமைக்கிறாராம். சரி, காலையில் போய்க் கதவடியில் நின்று சொல்லிவிடுவது, காலை உள்ளே வைக்காமல் திரும்புவது என்று முடிவெடுத்தேன். வேலைக்கு முன் விடிய ஆறு மணிக்கு ஸ்பிரிங்வேலில் அவர்களுடைய வாசலில் நின்றேன். கதவு தட்ட முன்பே திறந்தது. லான் சிவப்பு உடுப்பில் நின்றார். பின்னால் கணவர் கோட் சூட்டில். உள்ளே மேசையில் இலையில் கட்டி அவித்த சோற்றுக்கட்டி, முலாம்பழம், அந்த மரத்தூள் ஊதுபத்தி. சுவரில் பிள்ளையின் படம், பக்கத்தில் அந்தச் சட்டை தொங்கியது.

"லான், ஒரு விசயம்" என்று தொடங்கினேன். நான் வாழ்த்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து அவர் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். நான் விழித்தேன். இரண்டாவது சொல்லையும் எடுத்துக் கொடுத்தார். இதற்கிடையில் நம்முடைய பழக்கம், வாசலைக் கண்டதும் கை தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. சப்பாத்தைக் கழற்றியவன் உள்ளே வரப்போகிறான் என்றுதானே அர்த்தம்? அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வலது காலைத்தான் வைத்தேன். எங்கள் முறைக்கு அது போதும்.

பிறகு என்ன, வாழ்த்தைச் சொன்னேன், சோற்றுக்கட்டியை இரண்டு தரம் வாங்கித் தின்றேன். லான் அன்று வேலைக்கு வந்து நாள் முழுக்கப் பாட்டு முணுமுணுத்தார். அதைக் கேட்டுக்கொண்டு பஞ்சு வெட்டுவது சுலபமாக இருக்கவில்லை.

மாரிகாலத்தில் கடிதம் வந்தது. நேர்முகம் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் எக்ஸ்-ரேயில் பிள்ளையின் நெஞ்சில் ஒரு மறு. மருந்து எடுத்து, திரும்பப் படம் பிடித்து, அதன் பிறகுதான் விசா. எப்படியும் இன்னொரு வருடம். லான் மெஷினை நிறுத்திவிட்டுத் தைலத்தைக்கூட எடுக்காமல் இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன், நான் நாய் இல்லை, குரங்கு, அப்பா இப்படிச் செய்துவிட்டார் என்று.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சோப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"என்ர வீட்டில ஏற்கெனவே ஒரு குரங்கு இருக்கு" என்றார். கணவரும் குரங்கு வருடமாம். "அதைச் சமாளிக்கத்தான் நான் நாய் தேடினனான்."

எனக்குக் கோபம் வந்தது. குற்றமுள்ளவனுக்கு வருகிற கோபம்தான். ஒரு சின்னப்பிள்ளையின் நெஞ்சில் இருக்கும் மறுவுக்கும் டண்டினொங்கில் பஞ்சு வெட்டுகிறவனுடைய காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அந்த மறு நான் கால் வைப்பதற்கு முன்பே இருந்திருக்கும், படித்தவர்கள் இப்படிப் பேசலாமா என்றும் கேட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தம் இல்லையெண்டால் ஏன் இப்ப வந்து சொல்லுறாய்?"

அடுத்த நாள் முதல் அவர் வேறு மேசையில் சாப்பிட்டார்.

ஏழு மாதம் பேசவில்லை. அடுத்த வருடப்பிறப்புக்குக் கொஞ்ச நாளிருக்க, என் வெட்டு மேசைக்கு வந்து நின்றார். என்னோடு இருக்கும் அந்த மொட்டைத்தலை மனுசன் எந்த வருடம் என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருக்கிற வருடம் வேண்டாம், உண்மையான வருடம் வேண்டும் என்றார். குணம் அண்ணை நாற்பத்திரண்டு, பாஸ்போர்ட்டிலும் சாதகத்திலும் அதேதான். அவருடைய அப்பாவுக்கு மகன்மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது. நாற்பத்திரண்டு குதிரை. புலிக்குக் குதிரையும் பொருத்தம்.

குணம் அண்ணையின் எழுப்பத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிய நாலு மணிக்குத் தலைமுழுகி, விபூதி பூசி, பட்டுச் சால்வை போட்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். அவருக்கு லைசென்ஸ் இல்லை. அந்தப் புண்ணியக் காலை அந்த வாசலுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டிய சாரதி யார்? நான்தான். அவர் வலது காலை வைத்து உள்ளே போனார். நான் கடிதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து லான் கதவடிக்கு வந்தார். "இப்ப நீ வரலாம்" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த வருடம் ஹோங் வந்துவிட்டாள். குணம் அண்ணை தன் காலைத் தானே தடவிக்கொண்டு, "கால் எண்டால் இது கால்" என்று சொல்லாத நாள் இல்லை. மருந்தும் டாக்டரும் செய்த வேலை என்று நான் சொன்னால் பொறாமை என்பார். விமான நிலையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். லான் மகளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, பையிலிருந்து அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார். கை இரண்டும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டன. அது முந்திய வருடத்து நூலின் அளவு. பிள்ளை வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் மறைத்தாள். லான் அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எக்ஸ்-ரே பற்றித் திரும்பவும் வாதாடியிருப்பேன். வாதாட வழியில்லாமல் கார் தரிப்பிடத்துக்குப் போய், காருக்குள் இருந்து அழுதேன். குணம் அண்ணை கண்ணாடியில் தட்டி, நல்ல நாளில் மூக்கைச் சிந்தாதே என்றார்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் இது எங்களுக்கு முறையாகிவிட்டது. எனக்குக் கல்யாணமானது, வேலை மாறியது, பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த ஒரு காலையில் மட்டும் குணம் அண்ணையை ஏற்றிக்கொண்டு ஸ்பிரிங்வேல் போவேன். அவர் உள்ளே போவார், நான் கடிதப் பெட்டியடியில் நிற்பேன். மழையென்றால் குடை. முன்வீட்டுக் கிழவர் ஒருநாள் ஏன் வெளியில் நிற்கிறாய் என்று கேட்டார். குரங்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மனைவிக்கு ஒவ்வொரு வருடமும் ஆத்திரம். "உங்களை என்ன தீண்டத்தகாத ஆள் எண்டே நினைச்சினம்?" என்பாள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் போகாமல் இருந்ததில்லை. உள்ளே கூப்பிட்ட பிறகு சோற்றுக்கட்டியில் பெரிய துண்டு எனக்குத்தான் வரும். பழைய கணக்குத் தீர்ந்ததா என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் லான் காலமானார். செத்தவீட்டுக்குக் குணம் அண்ணை என்னோடு வந்தார். பிறகு மகனோடு சிட்னிக்குப் போய்விட்டார். ஸ்பிரிங்வேல் வீட்டை இடித்து மூன்று சின்ன வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது தரை ஓடு விற்கிறார்கள். ஹோங் நகரின் மறுபக்கம் ட்ருகனினாவில் புதுவீடு கட்டிக்கொண்டு போனாள். போன வருடம் புதுவருடத்தன்று அங்கே போனேன். பெரிய பெரிய களஞ்சியங்களைத் தாண்டி, ஒரே மாதிரியான வீடுகளில் அவளுடையதைத் தேடிப்பிடிக்கவே அரைமணி நேரம் போனது. கதவைத் திறந்தவள் வேலைக்குப் போகிற உடுப்பில் நின்றாள். உள்ளே வாருங்கள் அங்கிள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு முன் யாராவது வந்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் வெளியில் நிற்கிறேன் என்றேன்.

"ஆருக்காக?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். "ஒருத்தரும் வரமாட்டினம் அங்கிள். அதெல்லாம் அம்மாவின்ர விசயம்."

நான் வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து அவளுக்கு வேலைக்கு நேரமாகிறதே என்ற அவசரம். உள்ளே போனேன். கடையில் வாங்கிய சோற்றுக்கட்டியைச் சூடாக்கித் தந்தாள். பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பவில்லை. பிறகு ஒரு வருடம் முழுக்க, அந்த வீட்டில் ஏதாவது பிழையாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஏதோ சாட்டு வைத்து அடிக்கடி போன் எடுத்து விசாரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சுகம். இந்த வருடம் அந்த வாசலுக்குத் திரும்பவும் போக மனமில்லாமல்தான் சுற்றுலாவுக்குத் தலையாட்டினேன்.

லான் சொன்னது அநியாயம் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஒரு மனுசனுடைய காலுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் என் கால் எங்கே படுகிறது, எப்போது படுகிறது என்று கவனித்துக் கோபித்துக்கொண்ட ஆள் இந்த நாட்டில் எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். இப்போது யாருடைய வீட்டுக்குள்ளும், எந்த நாளிலும், நான் முதல் ஆளாகப் போகலாம். மறிக்க ஆளில்லை.